பழைய காரில் பின் சக்கரம் வரை போகும் பிரேக் பைப்பும் ஹோஸும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் என்றதும் முன் சக்கரங்களைத்தான் முதலில் கழற்றிப் பார்க்கிறார்கள். பேட் தேய்ந்திருக்கிறதா, டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறதா, காலிபர் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றியதும் எல்லாம் கண்ணெதிரே வந்துவிடுகிறது. பின்பக்கம் என்றால் ட்ரம்மைத் திறந்து லைனிங்கையும், அதை ட்ரம்மின் மேல் அழுத்தும் வீல் சிலிண்டரையும் பார்ப்பதோடு பெரும்பாலானோர் நிறுத்திக்கொள்கிறார்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அந்த வீல் சிலிண்டர் வரை பிரேக் ஆயில் எந்த வழியாக வந்து சேர்கிறது, வழியில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன, எந்த இடத்தில் இரும்புப் பைப் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வரையில், ஒரு பழைய காரின் பிரேக் அமைப்பிலேயே அதிக வயதான பாகம் பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கிறது. முன் ஹோஸ்களைப் பலமுறை மாற்றிய காரில்கூடப் பின் ஹோஸ் தொழிற்சாலையில் பொருத்தியதாகவே இருப்பதுண்டு.

இதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்கிறது; அதனால் காரை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. பின் பிரேக் பாதி வேலை செய்தாலும், சில கார்களில் சுத்தமாகவே வேலை செய்யாவிட்டாலும், நிதானமான அன்றாட ஓட்டத்தில் காலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் நேராகவே நிற்கும். சுமை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது திடீரென நிறுத்த நேர்ந்தால்தான் பின் சக்கரங்களின் பங்கு எவ்வளவு தேவை என்பது புரியும். ஆகவே பின் பைப்பையும் ஹோஸையும் பொறுத்தவரை, கோளாறு தெரிந்த பிறகு கவனிக்கலாம் என்று இருப்பது சரியான முறை அல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவற்றை வயதை வைத்தும், அடியில் படுத்துக் கண்ணால் பார்த்தும்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முதலில் அந்தப் பாதை தெரிந்திருக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் பைப், எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டி இறங்கி, காரின் அடித்தளத்திலோ சேசிஸ் சட்டத்தின் ஓரத்திலோ கிளிப்புகளில் பிடிக்கப்பட்டுப் பின்னோக்கிப் போகிறது. பல கார்களில் பெட்ரோல் டாங்குக்கு மேலாகவோ அதன் பக்கவாட்டிலோ நுழைந்து, பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் பாடியில் பற்றவைத்த ஒரு சிறு பட்டையில் வந்து முடிகிறது. அதுவரை எல்லாமே அசையாத பாகங்கள். அதற்கு அப்பால் இருக்கும் ஆக்சில், சாலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடுகிறது. அங்கே இரும்புப் பைப் போட்டால் சில நாட்களிலேயே முறிந்துவிடும். அந்த அசைவைத் தாங்குவதற்காகத்தான் ரப்பர் ஹோஸ். முழு ஆக்சிலும் ஒரே துண்டாக இருக்கும் பழைய பின்சக்கர இயக்கக் கார்களில் பொதுவாக ஒரே ஒரு ஹோஸ்தான் உண்டு. அது ஆக்சிலின் மேல் இருக்கும் ஒரு பித்தளை அல்லது இரும்பு டி-ஜாயிண்ட்டில் போய்ச் சேரும். அங்கிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு இரும்புப் பைப்கள் ஆக்சில் குழாயை ஒட்டி ஓடி வீல் சிலிண்டர்களை அடையும்.

பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன் உள்ள கார்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஹோஸ்கள் இருக்கும். பின்பக்கம் டிஸ்க் பிரேக் வைத்த சில கார்களில், பாடியிலிருந்து சஸ்பென்ஷன் கைக்கு ஒரு ஹோஸ், கையின் மேல் ஓர் இரும்புத் துண்டு, அதன் முனையிலிருந்து காலிபருக்கு இன்னொரு ஹோஸ் என்று மொத்தம் நான்காகிவிடும். முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் பீம் சுழலும் புள்ளிக்கு அருகில் பக்கத்துக்கு ஒரு குட்டி ஹோஸ் இருக்கும். கைக்கு எட்டாத அந்த இடத்தில் இருப்பதாலேயே அது மறக்கப்படுகிறது. உதிரிப்பாகம் வாங்கக் கிளம்புவதற்கு முன் அடியில் படுத்து, டார்ச் அடித்து, எத்தனை ஹோஸ் என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. காலிபரில் இருப்பதை மட்டும் மாற்றிவிட்டு மேலே இருப்பதை விட்டுவிட்டால், வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

இந்தப் பாதையில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் 2 பாருக்குச் சற்று மேல். அவசரமாக பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் பைப்புக்குள் 70 முதல் 100 பார் வரை எளிதாக எழும். பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தைச் சில கார்களில் ஒரு வால்வு குறைத்து அனுப்பினாலும், அதுவும் பத்துக்கணக்கான பார்தான். ஏறத்தாழ 4.75 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 0.7 மில்லிமீட்டர் சுவரும் உள்ள ஒரு மெல்லிய பைப் அதை ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டும்.

அந்தப் பைப் சாதாரண இரும்புக் குழாய் அல்ல. எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, இடையில் செம்பு உருக்கி ஒட்டிய இரட்டைச் சுவர்க் குழாய் அது. புதிதாக இருக்கும்போது அதன் பலத்தில் குறையே சொல்ல முடியாது. வெளிப்பூச்சு போன பிறகு துருதான் அதன் பகை. அந்தத் துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில் ஓடும் பகுதி பழுப்பேறியிருந்தாலும் சுவர் திடமாகவே இருக்கும். ஆனால் கிளிப்புக்கு அடியில் சேறும் ஈரமும் தங்கி, அங்கே மட்டும் பைப் அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும். பெட்ரோல் டாங்குக்கு மேலே ஓடும் பகுதி காய்வதற்கே வழியில்லாமல் மண் அப்பிக் கிடக்கும். பின் ஆக்சிலின் மேல் ஓடும் பைப்கள், முன் சக்கரங்கள் வாரியடிக்கும் தண்ணீரையும் கல்லையும் நேராக வாங்கிக்கொள்கின்றன. இதோடு, ஹேண்ட் பிரேக் கேபிள் தன் பிடிப்புக் கிளிப்பை இழந்து பைப்பின் மேல் உரசிக்கொண்டிருந்தால், உரசும் இடத்தில் பளபளப்பான ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பளபளப்பைக் கண்டால் அந்தப் பைப்பை மாற்றிவிட வேண்டும். கேபிளைத் தள்ளிக் கட்டினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

பார்க்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. கம்பி பிரஷ்ஷால் வெறியோடு தேய்க்கத் தேவையில்லை. முதலில் துணியால் துடைத்து, பிறகு விரல் நகத்தைப் பைப்பின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கிறேன். மேலோட்டமான துரு நகத்தில் மாவுபோல வரும், அடியில் பரப்பு வழவழப்பாக இருக்கும். குழி விழுந்திருந்தால் நகம் தட்டும்; செதில் செதிலாக உதிர்ந்தால் சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து அதன் உள்பக்கத்தைப் பார்க்காமல் பைப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதில் பொருள் இல்லை. பிறகு ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பெடலை நன்றாக அழுத்தி அரை நிமிடம் பிடித்திருக்கச் சொல்லி, நான் அடியிலிருந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்ப்பேன். இதைச் செய்யும்போது கார் ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் அமர்ந்திருக்க வேண்டும்.

இனி ஹோஸ். வெளியிலிருந்து பார்த்தால் விரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு. உள்ளே மூன்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன. பிரேக் ஆயிலைத் தொடும் உள்குழாய் ஒன்று, அழுத்தத்தைத் தாங்கும் நூல் பின்னல் ஒன்று அல்லது இரண்டு, வெயிலையும் தண்ணீரையும் தடுக்கும் வெளித்தோல். உள்ளே இருக்கும் துளை 3 மில்லிமீட்டர் அளவுதான். பலம் முழுக்க நடுவில் உள்ள பின்னலில் இருக்கிறது; உள்குழாய் கசியாமல் பார்த்துக்கொள்கிறது, வெளித்தோல் பின்னலைக் காக்கிறது. ஆகவே வெளித்தோலில் வெடிப்பு விழுந்தால் அன்றே ஹோஸ் வெடித்துவிடாது. ஆனால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் பின்னலுக்குள் இறங்கி, நூல் இற்றுப்போகத் தொடங்குகிறது, இரண்டு முனைகளிலும் உள்ள இரும்பு மூட்டும் உள்பக்கமாகத் துருப்பிடிக்கிறது.

புதிய ஹோஸுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 106 தெளிவாகச் சொல்கிறது. 3 மில்லிமீட்டர் துளை உள்ள பிரேக் ஹோஸ் 4000 பிஎஸ்ஐ (1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும். 7000 பிஎஸ்ஐக்குக் கீழே வெடிக்கக் கூடாது. தொடர்ந்து ஆட்டும் கருவியில் 35 மணி நேரம் ஓடியும் உடையக் கூடாது. தயாரித்த மாதமும் ஆண்டும் ஹோஸின் மேல் இருக்க வேண்டும் என்பதும், முறுக்கு விழுந்தால் தெரியும்படி எதிரெதிர்ப் பக்கங்களில் நீளவாக்கில் கோடுகள் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளவை. இந்தத் தேதி பழைய கார்க்காரர்களுக்குப் பெரிய உதவி. அரிதான மாடல்களுக்கு விற்கப்படும் "புதிய" ஹோஸ் பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த பழைய சரக்காக இருக்கலாம். பெட்டி புதிதாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்காமல் தேதியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். ரப்பர் காரில் ஓடினாலும் அலமாரியில் தூங்கினாலும் மூப்படையத்தான் செய்யும்.

ஹோஸைச் சோதிப்பது என்றால் அதை நேராகத் தொங்கவிட்டுப் பார்ப்பது போதாது. இரண்டு விரலால் மெதுவாக வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேல்தோலில் கோடுகள் மட்டும் தெரிந்தால் மூப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கோடு விரிந்து உள்ளே நூலின் வெளிர் நிறம் தெரிந்தால் அந்தக் காரை ஓட்டக் கூடாது. இரு முனைகளிலும், ரப்பர் இரும்பு மூட்டுக்குள் நுழையும் இடத்தைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். முதல் வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. பெடலை அழுத்தும்போது ஹோஸின் ஓரிடம் மட்டும் குமிழ்போல உப்பினால் அங்கே பின்னல் அறுந்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுவென்று, வழக்கத்தைவிடத் தடித்து, மெத்தென்று இருந்தால் கனிம எண்ணெய் பட்டிருக்கிறது. பிரேக் ஹோஸுக்குப் பயன்படும் ரப்பர் வகைகள் பிரேக் ஆயிலைத் தாங்கும், ஆனால் கியர் ஆயிலும் கிரீசும் பட்டால் ஊறி உப்பிவிடும். பின் ஆக்சிலின் மேலேயே ஹோஸ் இருப்பதால் இந்த ஆபத்து அதற்கு அதிகம்.

இதோடு சேர்ந்த ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 1960-களின் சில ஃபோர்டு கார்களில் பின் ஹோஸின் ஜாயிண்ட்டை ஆக்சிலில் பிடித்திருக்கும் போல்ட்டே ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் வழியாகவும் இருக்கிறது. அதன் நடுவில் துளை உண்டு. ஹோஸை மாற்றும்போது அதைத் தொலைத்துவிட்டு ஒரு சாதாரண போல்ட்டை முடுக்கிவிட்டால், சூடாகும் ஆக்சிலுக்குள் அழுத்தம் கூடி, கியர் ஆயில் சீல்களைத் தாண்டி பிரேக் லைனிங்கில் வடியத் தொடங்கும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் உற்றுப் பார்க்காமல் குப்பையில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஹோஸின் கோளாறுகளில் மிகவும் ஏமாற்றுவது உள்குழாய் வீங்கி அடைத்துக்கொள்வது. வெளித்தோல் புதிதுபோல இருக்கும், ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. உள்ளே ரப்பர் வீங்கியோ, ஒரு துண்டு பிரிந்து மடல்போலத் தொங்கியோ துளையை ஏறக்குறைய மூடியிருக்கும். கால் கொடுக்கும் பெரிய அழுத்தத்தில் பிரேக் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்விடுகிறது. காலை எடுத்ததும் அதைத் திருப்பி அனுப்ப ட்ரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுவிசை மட்டுமே இருக்கிறது. அதற்கு அந்த அடைப்பைத் திறக்கும் பலம் கிடையாது. பிரேக் பிடித்தபடியே நிற்கிறது, பிறகு மெல்ல மெல்ல விடுகிறது. ட்ரம் சூடாகிறது, லைனிங் கருகிய நாற்றம் வருகிறது, கார் சோம்பலாக இழுக்கிறது. பலர் இதை வீல் சிலிண்டர் கோளாறு என்று எண்ணி இரண்டு சிலிண்டர்களையும் மாற்றிவிட்டு, கோளாறு அப்படியே இருப்பதைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க நிதானம் இருந்தால் போதும், ஸ்பேனரைத் தவிரச் சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் தளர்த்திவிட்டு இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். அதை முதலில் விலக்கிக்கொள்ளாமல் மேலே போகக் கூடாது. பிறகு பெடலைச் சிலமுறை மிதித்துவிட்டு உடனே சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஹோஸ் உள்ள காரில் ஹோஸ் அடைத்திருந்தால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்துதான் பிடிக்கும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்து மற்றது சுதந்திரமாகச் சுற்றினால், கோளாறு அந்தச் சக்கரத்துக்குள்ளேயோ அதற்குப் போகும் கேபிளிலேயோ இருக்கிறது. இரண்டும் பிடித்திருக்கும்போது ஒரு வீல் சிலிண்டரின் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகை) கால் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் சர்ரென்று பீச்சி, சக்கரம் அந்தக் கணமே விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது உறுதி. அடுத்த கேள்வி, அது எங்கே சிறைப்பட்டது என்பது. நிப்பிளை மூடி, மறுபடி பெடலை மிதித்து விட்டு, இம்முறை ஹோஸுக்கு முன்னால், பாடிப் பக்கத்தில் உள்ள பைப் நட்டைத் தளர்த்த வேண்டும். அங்கே அழுத்தம் இல்லாமல், சக்கரமும் பிடித்தபடியே இருந்தால் அடைப்பு ஹோஸில் இருக்கிறது. அங்கே பீச்சி, சக்கரமும் விடுபட்டால் கோளாறு இன்னும் முன்னால், மாஸ்டர் சிலிண்டரிலோ இடையில் உள்ள வால்விலோ தேடப்பட வேண்டும். ட்ரம் பிரேக் உள்ள பல பழைய கார்களில் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகள் தளர்ந்து காற்றை உள்ளிழுக்காமலிருக்க, மாஸ்டர் சிலிண்டரிலேயே ஒரு சிறு வால்வு 10 பிஎஸ்ஐ அளவில் அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைத்திருக்கும். ஆகவே நிப்பிளைத் திறந்ததும் சற்றே கசிந்து நிற்பது இயல்பு. சக்கரத்தையே பிடித்து நிறுத்தும் அளவு பீச்சுவது இயல்பு அல்ல.

அடைப்பு முழுமையாகிவிட்டால் நேர் எதிராக நடக்கும்: பின் பிரேக்குக்கு அழுத்தமே போகாது. அப்போது நாற்றமும் இருக்காது, இழுப்பும் இருக்காது. முன் பேட்கள் சீக்கிரம் தேயும், பின் லைனிங் ஆண்டுக்கணக்கில் புதிதுபோலவே இருக்கும். பின் லைனிங் தேயவே இல்லை என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களிடம் நான் உடனே ஹோஸின் வயதைக் கேட்கிறேன்.

ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும் என்பது அந்தக் காரின் காலத்தைப் பொறுத்தது. 1921-இல் வெளிவந்த டூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கைக் கொண்டுவந்தது. கிரைஸ்லர் 1924-இல் தன் காரில் வைத்தது. ஃபோர்டு 1939 மாடல் வரை கம்பியையும் கேபிளையும் விட்டு மாறவில்லை. அந்தக் காலம் தொடங்கி 1960-கள் வரை வந்த பெரும்பாலான கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. பின்பக்கத்து ஒற்றை ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், முன் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் பரவலான பிறகு, முன்பக்கம் ஒரு சுற்று, பின்பக்கம் ஒரு சுற்று என்று பிரித்தார்கள். முன்சக்கர இயக்கக் கார்களில் ஒரு முன் சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தையும் சேர்த்துக் குறுக்காகப் பிரிப்பது வழக்கமானது. குறுக்கே பிரித்த காரில் பின்னோக்கி இரண்டு பைப்கள் தனித்தனியாக ஓடும். அவற்றில் ஒன்று போனால் ஒரு முன் பிரேக்கும் சேர்ந்து போகும். ஒற்றைச் சுற்றுக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பின் ஹோஸ் என்பது முழு பிரேக்கும் தொங்கும் ஒற்றை நூல். அவர்கள் அதன் வயது தெரியாமல் ஒரு நாளும் வண்டியை எடுக்கக் கூடாது.

சில கார்களில் பின் ஆக்சிலுக்கு அருகில், பாடியில் பொருத்திய ஒரு வால்விலிருந்து ஒரு நெம்புகோலோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்கு இணைந்திருக்கும். காரில் சுமை ஏறி பின்பக்கம் இறங்கினால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தமும், காலியாக நின்றால் குறைந்த அழுத்தமும் அனுப்புவது அதன் வேலை. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முன்பே பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. துருவில் இறுகிய வால்வை எடுத்து எறிந்துவிட்டு நேர் பைப்பாகப் போட்டுவிடும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். அதேபோல, பின் சஸ்பென்ஷனை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ இந்த நெம்புகோலின் கணக்கு மாறிவிடும்; ஹோஸின் நீளமும் போதாமல் போகலாம்.

பைப்பை மாற்றும்போது எந்த உலோகம் என்ற கேள்வி வரும். அசல் எஃகு மலிவு, பலமானது, ஆனால் மீண்டும் துருப்பிடிக்கும். தூய செம்பு எளிதாக வளையும், அதிர்விலும் திரும்பத் திரும்ப வளைவதிலும் கடினமாகி வெடிக்கக்கூடியது. பிரேக்குக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும் சேர்ந்த கலவைப் பைப் துருப்பிடிப்பதில்லை, கையாலேயே சீராக வளைகிறது, முனை விரிப்பதும் எளிது. வோல்வோ போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தியிருக்கின்றன. என் தேர்வு இதுதான். துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகு; ஆனால் அது கடினமானது என்பதால் வீட்டுக் கருவியில் முனை சரியாக விரியாமல் கசிவு தொடரும்.

முனை விரிப்பதில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, முனையை உள்பக்கமாக மடித்து 45 பாகைப் புனல்போல விரிக்கும் இரட்டை மடிப்பு. மற்றது, காளான் தலைபோலக் குமிழாக விடும் வடிவம். அமெரிக்க, ஜப்பானியக் கார்களில் முதலாவதும், ஐரோப்பியக் கார்களில் இரண்டாவதும் பெரும்பாலும் இருக்கும். ஒன்றுக்காகச் செய்த இருக்கையில் மற்றதை வைத்து முடுக்கினால் முதலில் கசியும். கசிகிறதே என்று மேலும் முடுக்கினால் இருக்கையே கெட்டுவிடும். மரையிலும் இதே சிக்கல். 3/8 அங்குலத்தில் அங்குலத்துக்கு 24 மரை உள்ள நட்டும், 10 மில்லிமீட்டரில் 1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள நட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர்தான், அது 10 மில்லிமீட்டர் துளைக்குள் தொளதொளவென்று போய், சில சுற்று பிடித்ததுபோலவும் காட்டும். பெடலை மிதிக்கும் நாளில் அது பிடுங்கிக்கொண்டு வரும். பழைய நட்டைப் புதியதன் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்காமல் எதையும் முடுக்கக் கூடாது. பைப்பின் நடுவில் அரித்த பகுதியை வெட்டிவிட்டு ரப்பர் குழாயும் கிளாம்பும் போட்டு ஒட்டுப்போடுவது பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: அது பிரேக் அல்ல.

கழற்றும் வேலையில் பாதி நேரம் துருப்பிடித்த நட்டோடுதான் போகும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே போட்டு ஊறவிட வேண்டும். சாதாரண ஸ்பேனர் மென்மையான பைப் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். பைப் நுழைவதற்கு ஒரு வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர்தான் இதற்குச் சரி. நட்டைத் திருப்பும்போது ஹோஸின் அறுகோண முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பட்டையே முறுகிவிடும். இரும்புப் பைப்பையும் எப்படியும் மாற்றப்போகிறோம் என்றால் போராடத் தேவையில்லை. பைப்பை வெட்டிவிட்டு நட்டின் மேல் நேராக ஆறுமுனை சாக்கெட்டைப் போட்டுத் திருப்பிவிடலாம்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். ஆண் மரை உள்ள முனையைப் புதிய செம்பு வாஷரோடு, அந்த இணைப்பில் வாஷர் உண்டென்றால், ஆக்சில் பக்கத்து ஜாயிண்ட்டில் முதலில் முடுக்க வேண்டும். அப்போதுதான் ஹோஸ் தாராளமாகச் சுற்ற இடம் இருக்கும். பிறகு மறுமுனையைப் பாடியின் பட்டையில் நுழைத்து, கோடுகள் நேராக ஓடுகின்றனவா என்று பார்த்து, பைப் நட்டைக் கையால் பிடிக்கும் வரை திருப்பி, கிளிப்பை அடித்து, கடைசியில் முடுக்க வேண்டும். ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டும், ஜாக்கியால் மேலே தூக்கியும், ஹோஸ் இழுபடாமலும் சைலன்சரையோ ஷாக் அப்சார்பரையோ உரசாமலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை. எஃகு வலை சுற்றிய ஹோஸ்களைப் பின்பக்கம் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. பின் ட்ரம்மில் அதன் பலன் சிறிது, உள்ளே மூப்படைவதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆயில் ஒழுகாமலிருக்க ரப்பர் ஹோஸை பிளையரால் நசுக்கிப் பிடிப்பதும் உள்குழாயைக் கிழிக்கும் பழக்கம்.

ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பழைய மாஸ்டர் சிலிண்டர் உள்ள கார்களில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. சாதாரண ஓட்டத்தில் பிஸ்டன் போகாத சிலிண்டரின் கடைப்பகுதியில் துருவும் கசடும் இருக்கும்; சீல் அங்கே போய் உரசினால் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டரும் அன்றே கசியத் தொடங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். சுமை பார்க்கும் வால்வு உள்ள காரில், ஆக்சில் தொங்கிய நிலையில் வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கும். காற்று வெளியே வராமல் அடம்பிடிக்கும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, கார் சாலையில் நிற்கும் உயரத்துக்கு அதைக் கொண்டுவந்துவிட்டு ஏர் எடுத்தால் சிக்கல் தீரும். ஆயில் எது என்பதற்குக் காரின் கையேட்டைப் பார்க்க வேண்டும். டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை; புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டிய டாட் 3, ஈரம் ஏறிய பிறகு 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். அந்த ஈரமே இரும்புப் பைப்பை உள்ளிருந்தும் அரிக்கிறது என்பதால், கார் ஓடாமல் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது பைப்பின் ஆயுளுக்கும் நல்லது. சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் இணைப்புகளைத் துடைத்து உலர்த்தி, பெடலை அழுத்திப் பிடிக்கச் செய்து, ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் தாளால் தொட்டுப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கசிவுகூடத் தாளில் கறையாக வந்துவிடும். முதல் ஓட்டத்தை மெதுவாக, ஆளில்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் பின் ட்ரம் இரண்டின் சூடும் ஒரே அளவில் இருக்கிறதா என்று அருகில் கை வைத்துப் பார்த்து, மறுநாள் காலை அதே இணைப்புகளை அதே தாளால் இன்னொருமுறை தொட்டுப் பார்த்த பிறகு, ஹோஸில் அச்சிட்ட மாதத்தையும் ஆண்டையும் காரின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன்.